பிழைச்ச புள்ளைக்கு என்ன சாப்பாடு? ராமநாதபுரம் கரையிலிருந்து சில அனுபவங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர்:

சின்ன வயசில் ரத்தப் புற்றுநோய் வந்து குணமானவள் நான். சிகிச்சை இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. வார்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது "சிவப்பு மருந்து". அதற்கு டாக்ஸோரூபிசின் என்று பெயர் இருப்பதை வளர்ந்த பிறகுதான் படித்தேன். அது ஏறிய அன்றைக்குச் சிறுநீரும் சிவந்து போகும்.

ஸ்டீராய்டு மாத்திரை போடும் நாட்களில் பேய்ப்பசி. நடுராத்திரியில் எழுந்து பழைய சோறும் சுட்ட கருவாடும் கேட்டு அழுவேனாம். அப்பத்தா அடுப்பைப் பற்றவைத்து, சாளைக் கருவாட்டைத் தணலில் வாட்டி, முள் எடுத்து ஊட்டும். குணமான பிறகும் அந்தக் கை ஓயவில்லை. "எமன்கிட்ட இருந்து மீட்டுக் கொண்டாந்த புள்ள, கேட்டதைக் குடுங்கடி" என்று ஒரே பேச்சு. மாத்திரை நின்றது, பசியும் அடங்கியது. ஊறுகாய், மிக்சர், பரோட்டா, தினமும் கருவாடு என்ற பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. என்னைப் போலப் பிழைத்த நிறையப் பேரின் வீட்டில் இதைப் பார்த்திருக்கிறேன். பாசம்தான், குறை சொல்ல மனசு வராது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

கல்லூரி முடித்த சமயம் மதுரையில் ஒரு டாக்டர் பழைய டிஸ்சார்ஜ் தாள்களைக் கேட்டு வாங்கி, எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் என்று கூட்டிப் பார்த்தார். பிறகு பிரஷர் பார்த்தார். கூடுதல். "நோய் போயிருச்சும்மா. மருந்து தொட்டுட்டுப் போன இதயத்தை இனிமே நாமதான் பாத்துக்கணும்" என்றார்.

சிவப்பு மருந்து வாங்கியவர்களுக்கு இதயத் தசை பல வருஷம் கழித்தும் பலவீனமாகலாம். அதோடு ரத்த அழுத்தமும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு ஏறும். 1994-இல் தொடங்கி, புற்றுநோயிலிருந்து பிழைத்த குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் அமெரிக்க ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறது. மருந்தின் அளவை இனி மாற்ற முடியாது, உப்பின் அளவை மாற்றலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு, ஒரு டீஸ்பூன்கூட இல்லை. உப்பில் புரட்டிக் காயவைத்த கருவாட்டை எவ்வளவு ஊறவைத்து அலசினாலும் உப்பு முழுசாகப் போகாது. இப்போது எங்கள் வீட்டில் கருவாடு எப்போதாவதுதான். பச்சை மீன் குழம்பு, புளி தூக்கலாக, உப்பு மட்டாக. முதல் மாசம் நாக்கு ஒத்துழைக்கவில்லை, பிறகு பழகிவிட்டது. இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேனும் டாக்டர் சொன்ன தவணையில் எடுக்கிறேன்.

கீழக்கரையிலிருந்து ஒரு உம்மா:

என் மகனுக்கு சின்னதுல கிட்னியில கட்டி. ஒரு கிட்னியை எடுத்துட்டாங்க. இப்போ ஜிம்முக்குப் போறான், யாரோ சொன்னாங்கன்னு புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கிட்டு வந்துட்டான். டாக்டர்கிட்ட காட்டாம திறக்க விடல. மேலு வலின்னு கடையில மாத்திரை வாங்கிப் போடுறதையும் டாக்டர் கண்டிச்சாங்க, இருக்கிற கிட்னியை அது கெடுத்துருமாம். நோன்புக்கு முன்னாடி ஒவ்வொரு வருஷமும் ரத்தம், பிரஷர் பார்த்து, பிடிக்கலாமான்னு கேட்டுட்டுத்தான் பிடிக்கிறான். நோன்பு திறக்க கஞ்சியும் பழமும் வைப்பேன். சமோசா, வடை வாங்குறதை வீடு முழுக்க நிறுத்திட்டோம். அவனுக்கு மட்டும் தனியா வச்சா புள்ள மனசு சுருங்கிப் போகும்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தகப்பன்:

தங்கச்சி சொன்னது சரி. எங்க மகளும் அப்படிப் பிழைச்ச புள்ளதான். எங்க வீட்டுல சிக்கல் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும்தான். மீன்பிடித் தடையில விசைப்படகு போகாத அந்த 61 நாளும் மீன் விலை ஏறிடும், கருவாட்டுப் பானைதான் கை கொடுக்கும். மகளுக்காக உப்புப் போடாம வெயில்ல மட்டும் காயவச்ச நெத்திலியைத் தனியா எடுத்து வைக்கிறோம். ஸ்டீராய்டும், மெத்தோட்ரெக்சேட்டுங்கிற புற்றுநோய் மருந்தும் எலும்பை மெலிய வச்சிரும்னு சொன்னாங்க. நெத்திலியை முள்ளோட மென்னு தின்னா கால்சியம் கிடைக்கும். கூட முருங்கைக்கீரை, மோர், கேப்பைக்கூழ். சாயங்காலம் கரையில நல்லா நடக்க விடுறோம், எலும்புக்கு அதுவும் வேணுமாம்.

ஒரு விஷயம் கேக்கணும். சிகிச்சை பார்த்த பழைய தாளு எங்ககிட்ட பாதிதான் இருக்கு. பார்த்த ஆஸ்பத்திரியிலேயே மொத்த மருந்துக் கணக்கையும் எழுதி வாங்கலாமா?

தங்கச்சிமடத்திலிருந்து:

வாங்கலாம் அண்ணே. பழைய ஓ.பி. நம்பரோட பதிவேட்டுப் பிரிவுல எழுதிக் கேளுங்க. மருந்து பேரு, மொத்த அளவு, கதிர்வீச்சு குடுத்திருந்தா எந்த இடத்துல எவ்வளவுன்னு மூணும் இருக்கணும். நகல் எடுத்து ஒண்ணை மகள் கையில குடுத்துருங்க.