அம்மாவுக்கு கால்ல ரத்தக்கட்டி, விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம் மக்களே, நாங்க கம்பம். அம்மாவுக்கு 54 வயசு, ரொம்ப வருசமா சுகர், எடை 84 கிலோ, குமுளி தாண்டி ஏலத்தோட்டத்துக்கு தினம் ஜீப்புல நெருக்கி உக்காந்து போயிட்டு வருவாங்க. போன மாசம் இடது கெண்டைக்கால் வீங்கி, கொலுசு தோல்ல பதிஞ்சு கழட்டவே முடியாம வெட்டித்தான் எடுத்தோம், டாப்ளர் ஸ்கேன்ல ரத்தக்கட்டின்னு வந்துச்சு, இப்ப அதுக்கு மாத்திரை ஓடுது.

உடம்பு பெருத்ததும் ஒரு காரணம்னு டாக்டர் சொன்னாரு. அப்புறம் தேடிப் படிச்சேன், கொழுப்பு சும்மா சேர்ந்து கிடக்குற சமாச்சாரம் இல்லையாம், அதுல செர்பைன்1னு ஒரு ஜீன் பிஏஐ-1ங்கிற புரதத்த செய்யுது, உறைஞ்ச ரத்தத்த கரைக்க உதவுற டிபிஏவ அது கட்டிப் போட்டுடும். வயித்துக்குள்ள கொழுப்பு கூடி சுகரும் சேர்ந்தா பிஏஐ-1 இன்னும் ஏறும், கட்டி கரையுறது மந்தமாயிடும். உறையறத தொடங்கி விடுற டிஷ்யூ ஃபேக்டரும் கூடுதாம். எடை குறைஞ்சா பிஏஐ-1 இறங்கும்னும் போட்டிருக்கு, அதப் படிச்சப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

பிஏஐ-1 டெஸ்ட் எடுத்து யாருக்காவது வைத்தியம் மாறியிருக்கா, இல்ல அது காசுக்குத்தான் கேடா? கால்ல கட்டி இருக்கும்போது எவ்வளவு நடக்க விட்டீங்க? எங்க வீட்ல சோறும் கப்பக்கிழங்கும்தான், அத எப்படி குறைச்சீங்க? தேனி பக்கமோ கோட்டயம் பக்கமோ பொறுமையா விளக்கிச் சொல்ற டாக்டர் இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க, அம்மாவ நானே கூட்டிட்டு வரேன்.