மறுமொழி: சவரக்கத்தியின் ‘ஹோனிங்’, ‘ஸ்ட்ராப்பிங்’ – தமிழில் என்ன?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

சவரக்கத்தியைக் கல்லில் தேய்த்துக் கூராக்கும் ‘ஹோனிங்’குக்கு நீங்கள் சொன்ன ‘சாணை பிடித்தல்’ எனக்கு ஒப்பவில்லை. சாணை என்றாலே நம்ம நாகர்கோவில் பக்கம் சக்கரம் சுற்றி அரிவாளுக்குக் கூர் ஏற்றுபவர்தான் நினைவுக்கு வருவார். பழைய சவரக்கத்தியைச் சக்கரத்தில் வைத்தால் போச்சு. தாள் போன்ற அந்த வாய், அதாவது வெட்டும் விளிம்பு, நொடியில் சூடேறும். 300 டிகிரி செல்சியஸை நெருங்கினால் எஃகு நீலம் பாய்ந்து பதம் இறங்கிவிடும். அந்த இடத்தில் பிறகு கூர் நிற்காது. கல்லில் செய்வது ‘தீட்டல்’ என்றே இருக்கட்டும்.

தீட்டிய பிறகு தோல்வாரில் தேய்த்து வாயை நேர்த்தியாக்கும் ‘ஸ்ட்ராப்பிங்’கையும் தீட்டல் என்றே எழுதலாம் என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். கூடவே கூடாது. கல்லில் வாய் முன்னே போகும். வாரில் முதுகு முன்னே போக, வாய் பின்னால் இழுபட்டு வரும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், புதிதாகப் பழகுபவர் கல்லில் தள்ளியபடியே வாரிலும் தள்ளுவார். தோல் கிழியும், வாயும் மழுங்கும். ‘வாரிழுப்பு’ என்று வைப்போம். திசை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

வாயை ஒட்டி இருபக்கமும் சரிவாகத் தேய்ந்திருக்கும் ‘பெவல்’லுக்குச் ‘சாய்முகம்’ நல்ல சொல். முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிவதால், முதுகின் கனமும் அலகின் அகலமுமே அந்தச் சாய்வைத் தீர்மானிக்கின்றன. 1000 எண் கல்லில் இருபக்கச் சாய்முகமும் வாயின் நீளம் முழுக்க ஒரே கோட்டில் கூடிய பிறகுதான் 4000, 8000 என்று நைசான கல்லுக்குப் போகணும். அதனால் ‘பெவல் செட்டிங்’கைச் ‘சாய்முகம் கூட்டல்’ என்கலாமா?

நம் சொற்பட்டியலில் உள்ள ‘துருக்கறை’யையும் மாற்ற வேண்டும். குளச்சலில் உப்புக்காற்றில் கிடந்த கத்தியொன்று இப்போது என் மேசையில் இருக்கிறது. மேலே படிந்த செம்பழுப்பு, எண்ணெய் தொட்டுத் தேய்த்ததும் வந்துவிட்டது. அடியில் ஊசிமுனையளவு கரும்புள்ளிகள். நகத்தை ஓட்டினால் இடறுகின்றன. கறையென்றால் துடைத்தால் போகும். இது எஃகைத் தின்ற பள்ளம், ஆகவே ‘துருக்குழி’. அலகின் நடுவில் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். வாயில் விழுந்திருந்தால், குழி தீரும்வரை எஃகைத் தேய்த்துக் குறைக்காமல் அந்தக் கத்தியை முகத்தில் வைக்கவே கூடாது.

தீட்டும்போது வாயோரம் ஒட்டி நிற்கும் மெல்லிய எஃகுத் துணுக்கான ‘பர்’ருக்குப் ‘பிசிர்’ போதும், புதுச்சொல் வேண்டாம். ‘வாரிழுப்பு’க்கு மறுப்பு உள்ளவர்கள் எழுதுங்கள்.