மனுவில் ஜெட்டி என்று கேட்டோம், வேறு எதுவோ வருகிறது. சரியான பெயர் என்ன?

முகத்துவாரம்:
வணக்கம். கடலூர் மாவட்டத்தில் ஒரு சிறிய மீனவ ஊர் எங்களுடையது. எல்லாம் ஃபைபர் படகுகள். ஆற்று வாய் வழியாகத்தான் கடலுக்குப் போய் வர வேண்டும். வாயில் மணல் மேடிட்டு, அதன் மேல் அலை உடைகிறது. இந்த வருடம் மட்டும் இரண்டு படகுகள் கவிழ்ந்தன. போன வருடம் "ஜெட்டி கட்டித் தாருங்கள்" என்று மனு கொடுத்திருந்தோம். இப்போது வந்திருக்கும் வரைபடத்தில் ஆற்றுக்குள் ஒரு கான்கிரீட் மேடையும் ஏலக்கூடமும்தான் இருக்கின்றன. கடல் பக்கம் ஒரு கல்கூட இல்லை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஜெட்டி என்றால் கடலுக்குள் நீளும் கற்சுவர் என்றே நினைத்திருந்தார்கள். தேடிப் பார்த்தால் பியர், வார்ஃப், டாக் என்று இன்னும் குழப்பம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் புது மனு எழுத வேண்டும். என்ன சொல் போடுவது?

கல்லணைக்காரர்:
தம்பி, துறைமுக வேலைகளில் முப்பது வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். உங்கள் பெரியவர்கள் சொல்வதும் சரி, வரைபடம் போட்டவர்கள் புரிந்துகொண்டதும் சரி. ஜெட்டி என்ற சொல்லுக்கே இரண்டு பொருள் உண்டு. அமெரிக்கப் பொறியியல் நூல்களில் அது ஆற்று வாயின் இருபுறமும் கடலுக்குள் போகும் கற்சுவர். நம் துறைமுகங்களில் கப்பலோ படகோ அணைந்து சரக்கு இறக்கும் மேடை.

உங்களுக்குத் தேவை முதலாவது. மனுவில் ஜெட்டி என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். "முகத்துவாரத்தின் இருபுறமும் கடலுக்குள் நீளும் கற்சுவர்" என்று எழுதுங்கள். பொறியாளர்கள் அதை ட்ரெயினிங் வால் என்பார்கள். இரண்டு சுவருக்கும் நடுவில் ஆற்று நீர் ஒடுங்கி வேகமாக ஓடும்போது மணலைத் தள்ளிக்கொண்டு போகும். தூண்டில் வளைவு என்றும் எழுத வேண்டாம். பேச்சில் எல்லாக் கற்சுவரையும் அப்படிச் சொல்கிறோம், ஆனால் கோப்பில் அது கரை அரிப்பைத் தடுக்கப் போடுவது.

முகத்துவாரம்:
நன்றி ஐயா. அப்படியானால் வார்ஃப், பியர் எல்லாம்?

கல்லணைக்காரர்:
கரையை ஒட்டி, கரைக்கு இணையாக இருந்தால் வார்ஃப். கரையிலிருந்து கடலுக்குள் தூண்கள் மேல் நீண்டு போனால் பியர். சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன்னால் இருந்தது அதுதான், 1861இல் திறந்த இரும்புப் பாலம், 1,100 அடி நீளம். ஆழமான தண்ணீர் வரை போய்ச் சரக்கு இறக்க அது உதவியது, ஆனால் அலையை அது நிறுத்தவே இல்லை. 1872 புயலில் பாலமே உடைந்தது. அதன் பிறகுதான் அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பினார்கள். அவற்றையும் 1881 புயல் சிதைத்தது, திரும்பக் கட்ட வேண்டியிருந்தது.

டாக் என்பது மேடை இல்லை, கப்பல் நிற்கும் தண்ணீர்ப்பரப்பு. கொல்கத்தா கிதர்பூரில் கதவு வைத்துப் பூட்டிய டாக் இருக்கிறது, ஏனென்றால் அங்கே நீர்மட்டம் அவ்வளவு ஏறி இறங்கும். நம் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் சென்னையின் ஜவாஹர் டாக்குக்குக் கதவு தேவைப்படவில்லை.

புதுவைக்காரி:
அண்ணா, கற்சுவர் கேட்பதற்கு முன் எங்கள் ஊர்க் கதையைக் கேளுங்கள். புதுச்சேரியின் பழைய துறைமுகப் பாலம் தூண்கள் மேல் நின்றது, மணல் அடியிலேயே போய்விடும். 2022 மார்ச்சில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அது இருந்த காலத்தில் கடற்கரைக்கு அதனால் கேடு வரவில்லை. 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று வாயில் துறைமுகத்துக்காகக் கற்சுவர்கள் போட்டார்கள். நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே எங்கள் கடற்கரை காணாமல் போனது. நான் சின்னப் பிள்ளையாக ஓடிய மணலில் பாறாங்கல் கொட்டி வைத்திருந்தார்கள். வடக்கே உங்களுக்கு அடுத்த ஊர் எது?

முகத்துவாரம்:
ஒன்றரை கிலோமீட்டரில் ஒரு குப்பம் இருக்கிறது அக்கா. இதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

கல்லணைக்காரர்:
அந்த அம்மா சொன்னதுதான் முக்கியம். சென்னையிலும் இதே கதைதான், தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. மனுவில் இரண்டு வரி சேருங்கள்: முதலில் மணல் நகர்வு ஆய்வு வேண்டும், தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே கொட்டும் ஏற்பாடும் திட்டத்திலேயே இருக்க வேண்டும். ஐ.ஐ.டி. சென்னையின் கடல் பொறியியல் துறையும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனமும் இந்த ஆய்வுகளைச் செய்கிறவர்கள். அப்புறம், அந்தக் கான்கிரீட் மேடையை வேண்டாம் என்று எழுதிவிடாதீர்கள். வாய் சரியானால் மீன் இறக்க அது வேண்டும்.

முகத்துவாரம்:
எழுதிவிட்டோம் ஐயா. "ஜெட்டி" என்று இருந்த இடமெல்லாம் மாற்றியாயிற்று. அலை எங்கே உடைகிறது, படகு எங்கே கவிழ்ந்தது என்று கையால் ஒரு படமும் வரைந்து இணைத்திருக்கிறோம். வடக்கே உள்ள குப்பத்துப் பஞ்சாயத்தாரையும் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறோம், அவர்களும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மனு போகும்.