படத்தின் இரைச்சல் (புள்ளி) நீக்கம் சேர்த்தால் திரை கறுத்து 702 பிழை வருகிறது: டிரைவரை மாற்றுவதா, மதர்போர்டையா?

கூத்துப்பதிவு எழுதியது:

வணக்கம். செய்யாறு பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்துகளை விடிய விடியப் படம்பிடித்துத் தொகுத்து வருகிறேன். பெரிய வேஷம் கட்டுகிறவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் ஆடுவதை ஆடுகிறபடியே பதிவாக்கி வைக்கவேண்டும் என்பதுதான் என் ஆசை, வேலை, எல்லாம்.

மேடை வெளிச்சம் போதாததால் ஐஎஸ்ஓவை ஏற்றித்தான் எடுக்க முடிகிறது. படம் முழுவதும் மணல் தூவியதுபோல் புள்ளி. அதை நீக்க தாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ என்ற தொகுப்பு மென்பொருளில் டெம்போரல் நாய்ஸ் ரிடக்ஷன் (அடுத்தடுத்த பிரேம்களை ஒப்பிட்டுப் புள்ளியை நீக்கும் வசதி) போடுகிறேன். பிரேம் எண்ணிக்கை 5, மோஷன் எஸ்டிமேஷன் (அசைவைக் கணிக்கும் அமைப்பு) 'பெட்டர்'. போட்ட சில நிமிடங்களில் திரை ஒரு கணம் கறுத்துத் திரும்புகிறது. பிறகு ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) படச் செயலாக்கத்தில் தோல்வி, பிழை எண் 702 என்ற அறிவிப்பு. ரெண்டர், அதாவது இறுதிப் படத்தை உருவாக்கும் வேலை, அத்தோடு நின்றுவிடுகிறது.

மடிக்கணினி: பத்தாம் தலைமுறை இன்டெல் ஐ7, 16 ஜிபி ராம், என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 டிஐ கிராபிக்ஸ் சிப் (4 ஜிபி). டைம்லைன் 4கே, வினாடிக்கு 25 பிரேம். பழுது பார்க்கும் கடையில் "கிராபிக்ஸ் சிப் போய்விட்டது, மதர்போர்டையே மாற்றவேண்டும்" என்கிறார்கள். அந்தப் பணத்துக்கு ஒரு திருவிழா முழுவதையும் பதிவு செய்துவிடுவேன். உண்மையிலேயே சிப் போய்விட்டதா, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரில் கோளாறா? எப்படிக் கண்டுபிடிப்பது?

நீலத்திரை எழுதியது:

முதலில் டிரைவரைச் சுத்தமாக மாற்றிப் பாருங்கள். விளையாட்டுகளுக்கான கேம் ரெடி டிரைவர் வேண்டாம், ஸ்டூடியோ டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள். நிறுவும்போது 'கஸ்டம்' தேர்ந்தெடுத்து, 'கிளீன் இன்ஸ்டலேஷன்' பெட்டியில் குறியிடுங்கள். அதிலும் தீராவிட்டால் டிடியு என்ற டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை விண்டோஸின் சேஃப் மோடில் ஓட்டிப் பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். அந்த நேரத்தில் இணையத்தைத் துண்டித்து வைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் நீங்கள் துடைத்து முடிப்பதற்குள் விண்டோஸ் தானாகவே வேறொரு டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும்.

இன்டெல் உள்ளமைக் கிராபிக்ஸின் டிரைவரையும் சேர்த்துப் புதுப்பியுங்கள். எச்.264, எச்.265 வீடியோ கோப்புகளை விரித்துப் படிக்கும் வேலையை ரிசால்வ் அதனிடமும் கொடுக்கும்.

வண்ணமேசை எழுதியது:

டிரைவரை மாற்றுவதில் தவறில்லை. ஆனால் எதையும் அழிப்பதற்கு முன் அந்த எண்ணைப் படியுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பிழை எண்ணைப் பார்க்காமலே விண்டோஸை முழுக்க அழித்து மறுபடி நிறுவுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

கூடா (CUDA) என்பது என்விடியா சிப்பில் கணக்குகளை ஓட்டும் மென்பொருள் தளம். அதன் பிழைப் பட்டியலில் 2 என்றால் நினைவகம் தீர்ந்துவிட்டது. 700 என்றால் தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியைத் தொட்டுவிட்டது. 702 என்றால் கொடுத்த கணக்கை உரிய நேரத்தில் முடிக்கவில்லை. கிராபிக்ஸ் சிப் 2 வினாடிக்கு மேல் பதில் சொல்லாமல் இருந்தால், அது உறைந்துவிட்டது என்று முடிவுகட்டி விண்டோஸ் டிரைவரை மீட்டெழுப்பும். நீங்கள் பார்த்த கறுப்புத் திரை அந்த மீட்டெழுப்பலாகத்தான் இருக்கவேண்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'சிஸ்டம்' பகுதியைத் திறந்து, அதே நிமிடத்தில் 4101 என்ற பதிவு (டிரைவர் மீட்டெழுப்பப்பட்டதைக் குறிப்பது) இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது? ரிசால்வ் படத்தை 32 பிட் மிதவைப் புள்ளி (தசம எண்) முறையில் கணக்கிடுகிறது. ஒரு 4கே பிரேமில் 3840 × 2160, அதாவது ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல்கள். மூன்று நிறங்களோடு ஆல்பாவையும் (ஒளிபுகும் அளவு) சேர்த்து ஒரு பிக்சலுக்கு 16 பைட் என்றால் ஒரு பிரேமுக்கு மட்டும் 133 எம்பி. டெம்போரல் நீக்கம் முன்னும் பின்னும் உள்ள பிரேம்களையும் கையில் வைத்துக்கொண்டு, எது எங்கே நகர்ந்தது என்று தேடும். இடைக்கணக்குகளுக்கும் இடம் வேண்டும். உங்களிடம் இருப்பது 4 ஜிபி. அதிலும் உலாவியைத் திறந்து வைத்திருந்தால் அது தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கும்.

சிப் செத்துவிட்டதா என்று அறிய இப்படிச் செய்யுங்கள். இரைச்சல் நீக்க நோடை (ரிசால்வில் ஒவ்வொரு திருத்தத்தையும் தாங்கும் கட்டம்) அணைத்துவிட்டு, அதே பகுதியை 4கேயில் ரெண்டர் செய்யுங்கள். அடுத்து நோடைப் போட்டு, டைம்லைனை 1080பிக்கு இறக்கி ரெண்டர் செய்யுங்கள். இப்போது சுமை கால்வாசிதான். இரண்டும் ஒழுங்காக முடிந்தால் சிப்பும் டிரைவரும் பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன, சுமைதான் அதிகம். இரண்டிலும் திரை கறுத்தால் டிரைவர், சூடு, சிப் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். டாஸ்க் மேனேஜரில் 'டெடிகேட்டட் ஜிபியு மெமரி' கோட்டையும் கவனியுங்கள்.

இந்த 2 வினாடி வரம்பை விண்டோஸின் உள் அமைப்புப் பட்டியலான ரெஜிஸ்ட்ரியில் நீட்டலாம் என்று பலர் சொல்வார்கள். நீட்டலாம்தான். ஆனால் சிப் உண்மையிலேயே உறைந்தால், அவ்வளவு நேரம் திரையும் உறைந்தே கிடக்கும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கூத்துப்பதிவு எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. 4101 பதிவு இருக்கிறது, திரை கறுத்த அதே நிமிடத்தில். நோடை அணைத்தால் 4கே தடையின்றி முடிகிறது. 1080பியில் நீக்கத்தோடும் முடிகிறது. 4கேயில் நீக்கம் போட்டதும் நினைவகக் கோடு உச்சியில் போய் ஒட்டிக்கொள்கிறது. மதர்போர்டு மாற்றும் பேச்சை விட்டுவிட்டேன்.

ஆனாலும் பதிவு 4கேயில்தான் வேண்டும். அரிதாரத்தின் கோடுகளும் கிரீடத்தின் கண்ணாடிச் சில்லுகளும் பின்னாளில் இந்த வேஷத்தைக் கற்க வருகிறவர்களுக்குத் தெரியவேண்டும். அதை 1080பியில் விட்டுவிட எனக்கு மனமில்லை. வழி உண்டா?

வண்ணமேசை எழுதியது:

உண்டு. பிரேம் எண்ணிக்கையை 5லிருந்து 2க்கு இறக்குங்கள். மோஷன் எஸ்டிமேஷனை 'ஃபாஸ்டர்' ஆக்குங்கள். இதில் படத்துக்கும் நன்மைதான். வேஷக்காரர் சுழன்றாடும்போது அதிகப்படியான டெம்போரல் நீக்கம் கை அசைவுக்குப் பின்னால் நிழல் இழுக்கும், அரிதாரத்தையும் மெழுகிவிடும். நீங்கள் காப்பாற்ற நினைக்கிற கோடுகளையே அது அழித்துவிடும். கொஞ்சம் புள்ளி இருந்துவிட்டுப் போகட்டும்.

நீக்கத்தை முதல் நோடாக வையுங்கள். அதன்மேல் வலது சொடுக்கி நோட் கேஷை (கணக்கிட்ட படத்தைச் சேமித்து வைக்கும் வசதி) 'ஆன்' செய்யுங்கள். கேஷ் வடிவம் டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்கியுஎக்ஸ். அந்த நோடின் கணக்கு ஒருமுறை வட்டில் எழுதப்பட்டுவிடும்; பின்னால் வரும் நோடுகளில் நிறத்தை எத்தனை முறை மாற்றினாலும் மறுபடி கணக்கிடாது. இறுதி ரெண்டரில் 'யூஸ் ரெண்டர் கேஷ்டு இமேஜஸ்' குறியிருக்கட்டும். ஓர் இரவுக் கூத்துக்கு இந்தக் கேஷ் பெரும் இடம் பிடிக்கும். எனவே கட்டியங்காரன் வருகை, திரை பிடிக்கும் கட்டம் என்று துண்டு துண்டாகப் பிரித்து முடியுங்கள்.

விருப்பத்தேர்வுகளில் 'மெமரி அண்ட் ஜிபியு' பக்கத்தில் தானியங்குத் தேர்வை எடுத்துவிட்டு, கூடா (CUDA), என்விடியா சிப் இரண்டை மட்டும் குறியுங்கள்.

கூத்துப்பதிவு எழுதியது:

துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடி வெளிவரும் பகுதியை 4கேயில் முழுதாக எடுத்துவிட்டேன். 702 வரவில்லை. தோளில் கட்டிய புஜக்கட்டையின் வண்ணம்கூடத் தெளிவாக நிற்கிறது. புள்ளி கொஞ்சம் இருக்கிறது, உறுத்தவில்லை.

இன்னொன்று: புதிய ஸ்டூடியோ டிரைவர் வந்திருப்பதாக அறிவிப்பு வருகிறது. இப்போது போடலாமா?

நீலத்திரை எழுதியது:

இந்தக் கூத்தை முடிக்கும்வரை தொடாதீர்கள். இப்போது ஓடும் டிரைவரின் நிறுவல் கோப்பைத் தனியே எடுத்து வையுங்கள், புதியது ஒத்துவராவிட்டால் திரும்பிப் போக அதுதான் வழி. ரிசால்வின் அடுத்த பதிப்புக்கு மாறும்போது அதன் வெளியீட்டுக் குறிப்பில் குறைந்தபட்ச டிரைவர் எது என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்த பிறகு மாற்றுங்கள்.