யூரின் கல்ச்சர் நார்மல், எரிச்சல் மட்டும் போகவில்லை. அடுத்து என்ன டெஸ்ட்?

காவேரிப்பட்டணத்தான்:
ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. கொஞ்ச நாளாக ஒன்றுக்குப் போனால் எரிச்சல், காலையில் ஜட்டியில் மஞ்சள் கறை. ஆணுறை இல்லாமல் வெளியே ஒரு தொடர்பு இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. யூரின் கல்ச்சரில் கிருமி வளரவில்லை, வி.டி.ஆர்.எல். நெகட்டிவ். மெடிக்கலில் மாத்திரை தருகிறேன் என்கிறார்கள். பெங்களூருதான் போகணுமா?

தருமபுரி லேப்:
மெடிக்கல் மாத்திரை வேண்டாம் அண்ணா. முதலில் சாம்பிள், அப்புறம்தான் மருந்து. நீங்கள் எடுத்த கல்ச்சர் சாதாரண நீர்க்கடுப்புக் கிருமிக்கானது. உடலுறவில் தொற்றும் கொனோரியா, கிளமிடியா இரண்டும் அதில் தெரியாது. கொனோரியா கிருமிக்குச் சாக்லேட் அகார் என்ற கிருமி வளர்க்கும் தட்டு வேண்டும் (பேர்தான் சாக்லேட், உள்ளே சூடாக்கிய ரத்தம்). கிளமிடியா உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளரும், அதனால் எந்தத் தட்டிலும் வராது. இன்னொன்று, கல்ச்சருக்கு முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடிக்கச் சொல்லியிருப்பார்கள். இந்த நோய்களுக்கு அந்த விட்ட பகுதிதான் முக்கியம். ஒரு மணி நேரமாவது அடக்கி, முதலில் வரும் 20, 30 மில்லியைப் பிடித்து நாட் டெஸ்டுக்கு (கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். வகை) கொடுக்க வேண்டும்.

ஆனால் கசிவு இருக்கிறதே, அதை ஸ்லைடில் தடவி கிராம் ஸ்டெயின் (கிருமியைக் காட்டும் சாயம்) போட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். சீழ் செல்லுக்குள் காப்பிக் கொட்டை ஜோடி மாதிரி சிவப்பாக இரண்டிரண்டாகத் தெரிந்தால், அறிகுறி உள்ள ஆணுக்கு அது கொனோரியாதான். தெரியவில்லை என்றால் கிளமிடியாவும் இல்லை என்று ஆகாது.

பாலக்கோடு அக்கா:
பெங்களூரு எதற்கு? கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறதே, பால்வினை நோய்ப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அறிகுறியை வைத்தே மருந்து கிட் கொடுப்பதும் உண்டு. கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097 எய்ட்ஸ் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள், இலவசம்.

வி.டி.ஆர்.எல். ரத்த டெஸ்ட் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கு மட்டும்தான் தம்பி. தொற்றின முதல் சில வாரங்களில் எடுத்தால் நெகட்டிவ் காட்டும், அதனால் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். எச்.ஐ.வி.யும் சேர்த்துப் பாருங்கள்.

காவேரிப்பட்டணத்தான்:
மனைவிக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அவளுக்கும் டெஸ்ட் வேண்டுமா அக்கா? சொன்னால் வீடு ரெண்டாகிவிடும்.

பாலக்கோடு அக்கா:
கண்டிப்பாக வேண்டும். பெண்களுக்குக் கிளமிடியா பெரும்பாலும் வெளியே தெரியாது, கருக்குழாய் அடைபட்ட பிறகுதான் தெரியவரும் என்ற நிலைகூட உண்டு. எப்படிச் சொல்வது என்று அங்கே ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடமே கேளுங்கள், தினமும் இதைத்தான் பார்க்கிறார்கள். அவள் கர்ப்பமாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மருந்து மாறும்.

தருமபுரி லேப்:
மருந்து முடிந்த கையோடு நாட் டெஸ்டை மறுபடி எடுக்காதீர்கள் அண்ணா, செத்த கிருமியின் மிச்சத்தையே பாசிட்டிவ் என்று காட்டும். மூன்று மாதம் கழித்து எடுங்கள்.

காவேரிப்பட்டணத்தான்:
நாளை செகண்ட் ஷிப்ட், காலையிலேயே ஓ.பி. சீட்டு போடுகிறேன். எழுந்ததும் ஒன்றுக்குப் போகக் கூடாதா?

தருமபுரி லேப்:
போய்விட்டே வாருங்கள். ஓ.பி. வரிசையில் நிற்கும்போதே அந்த ஒரு மணி நேரம் தாராளமாக ஆகிவிடும்.