சென்னை வெயில்ல ஆஃப் சீசன் ட்ரெய்னிங், கூடவே நைட் ஃபோன் கால் வேலை: எப்படி சமாளிக்கறீங்க?

ஓஎம்ஆர்_பெடல்
எல்லாருக்கும் வணக்கம். இந்த சீசன்ல 200, 300 கிலோமீட்டர் பிஆர்எம் (குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய நீண்ட தூர சைக்கிள் ரைடு) ரெண்டும் டைமுக்குள்ள முடிச்சாச்சு. நவம்பர்ல ஆரம்பிக்கற அடுத்த சீசன்ல 400, 600 எல்லாம் சேத்து எஸ்ஆர் (நாலு தூரத்தையும் ஒரே சீசன்ல முடிச்சா கிடைக்கற சூப்பர் ராண்டனர் பட்டம்) எடுக்கணும், அது கிடைச்சா பிரான்ஸ்ல நடக்கற 2027 பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ரைடுக்கு பேர் குடுக்கணும்னு ரொம்ப ஆசை.

இப்போ ஏப்ரல் வந்துடுச்சு. வேலை சோழிங்கநல்லூர்ல, வாரத்துல மூணு நாள் அமெரிக்கா டீம் கூட கால், அது முடிய பத்தரை ஆகுது, சாப்ட்டு படுக்க பதினொன்னரை. காலைல ஏழு மணிக்கே வெயில் சுள்ளுனு அடிக்குது, அதனால ஓட்டணும்னா நாலரைக்கு எந்திரிக்கணும். நெட்ல இருக்கற ப்ளான் எல்லாம் நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் பேஸ் (மெதுவா ஓட்டி அடித்தளம் போடறது), அப்புறம் பில்ட் (கஷ்டத்த கூட்டறது), கோடைல ரேஸ்னு தான் போட்டிருக்கு, அது பனி பெய்யற ஊருக்கு எழுதினது, நமக்கு டிசம்பர் ஜனவரில தான் நிம்மதியா ரோட்ல ஓட்டவே முடியும். வாரத்துக்கு ஏழு மணி நேரம் தேத்தலாம், அதுக்கு மேல வீட்ல நியாயம் இல்ல.

வீட்ல பழைய வீல்-ஆன் டிரெய்னர் (பின் சக்கரத்த உருளை மேல வச்சு நின்ன இடத்துலயே ஓட்டற ஸ்டாண்ட்) இருக்கு. அதுல ஜோன் 2 (பேசிட்டே ஓட்டற மெதுவான அளவு) ஓட்டினா அரை மணி நேரம் கழிச்சு பவர் (வாட்ஸ்) மாறாமயே ஹார்ட் ரேட் மட்டும் ஏறிட்டே போகுது. எத பாத்து ஓட்டறது, பவரா ஹார்ட் ரேட்டா? இன்னொன்னு, 300ல கடைசி பகுதில இடது கை சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்து போச்சு, இன்னும் லேசா இருக்கு.

முட்டுக்காடு_காத்து
தம்பி முதல்ல வாழ்த்துக்கள். வெயில் காலத்த ஆஃப் சீசனா எடுத்துக்கறது சரிதான், நானும் அப்படித்தான் பண்றேன், ஏப்ரல்ல ரெண்டு வாரம் சைக்கிள தொடாம இருந்துட்டு அப்புறம் மெதுவா ஆரம்பிப்பேன். ரெண்டு வாரத்துல கொஞ்சம் ஃபிட்னஸ் இறங்கும், அதுக்கு பயப்படாதீங்க, மூணு நாலு வாரத்துல திரும்பிடும்.

ஹார்ட் ரேட் ஏறறதுக்கு காரணம் சூடு. உடம்பு சூட்ட வெளிய தள்ள ரத்தத்த தோலுக்கு அனுப்புது, வியர்வைல தண்ணியும் போகுது, அதனால ஒவ்வொரு துடிப்புலயும் போற ரத்தம் குறையுது, அத ஈடு கட்ட இதயம் வேகமா அடிக்குது. ரோட்ல முப்பது கிலோமீட்டர் வேகத்துல காத்து மேல படும், ரூம்ல அது கிடையாது, அதோட சென்னை ஈரப்பதத்துல வியர்வை ஆவியாகாம சொட்டிட்டே தான் இருக்கும். அதனால சீலிங் ஃபேன நம்பாதீங்க, பெரிய பெடஸ்டல் ஃபேன் ஒன்னு நெஞ்சுக்கு நேரா வைங்க, முடிஞ்சா முதுகுக்கு இன்னொன்னு. அப்பவும் ஏறுச்சுன்னா கோடைல பவர விட்டுட்டு ஹார்ட் ரேட்ட புடிங்க, வாட்ஸ் குறைஞ்சா குறையட்டும், பேஸுக்கு அது போதும். முழு வாக்கியமா பேச முடியணும், அவ்ளோதான் கணக்கு.

வெயில் முழுக்க எதிரியும் இல்ல. 10லேர்ந்து 14 நாள் மிதமான சூட்டுல ஓட்டினா உடம்பு பழகும், ரத்தத்துல பிளாஸ்மாங்கற நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் வர ஆரம்பிக்கும். ஆனா மே மாசம் கத்திரில பத்து மணிக்கு மேல ரோட்ல இருக்காதீங்க, அது ட்ரெய்னிங்கே இல்ல. ஓஆர்எஸ் பவுடர் பாக்கெட் ஒரு லிட்டருக்கு ஒன்னு, அத அளவு மாத்தாம கலக்குங்க. டிரெய்னர்ல ஓட்டும்போது ஹேண்டில்பார் மேல துண்டு போடுங்க, வியர்வை ஸ்டெம் போல்ட்டுக்குள்ள இறங்கி துரு புடிச்சிடும்.

கொங்கு_கியர்
அண்ணன் சொன்ன சூட்டு விஷயம் எல்லாம் சரி ஆனா வெறும் ஜோன் 2 மட்டும்னா நான் ஒத்துக்க மாட்டேன். 80/20னு (80 பர்சென்ட் மெதுவா, 20 பர்சென்ட் கஷ்டமா) எல்லாரும் சொல்றாங்களே, ஸ்போர்ட்ஸ் ஆராய்ச்சியாளர் ஸ்டீபன் சைலர் அத பாத்தது வாரத்துக்கு இருபது மணி நேரம் பக்கம் ட்ரெய்ன் பண்ற டாப் அத்லெட்ஸ் கிட்ட, ஏழு மணி நேரத்துல 80 பர்சென்ட் மெதுவா ஓட்டினா உடம்புக்கு போற வேலை கம்மி. வாரத்துல ஒரு நாளாவது ஸ்வீட் ஸ்பாட் போடுங்க, அதாவது எஃப்டிபில (சுமார் ஒரு மணி நேரம் தாங்கற பவர்) 88லேர்ந்து 94 பர்சென்ட், 20 நிமிஷம் ரெண்டு செட். எஃப்டிபி தெரியலன்னா 20 நிமிஷ டெஸ்ட் ஓட்டி சராசரில 95 பர்சென்ட் எடுங்க. ஆனா ரோட்ல எடுத்த நம்பர கோடைல ரூம்ல போடாதீங்க, டிரெய்னர்லயே தனியா டெஸ்ட் பண்ணுங்க.

நாங்க கோயம்புத்தூர்ல இருக்கோம், கோத்தகிரி ஏறினா இன்டர்வல் தானா வந்துடும். உங்களுக்கு மேடு இல்ல. ஆனா பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் 1200 கிலோமீட்டரும் ஏத்த இறக்கம் தான், பெருசா மலை இல்லன்னாலும் ஏறிட்டே இருக்கணும். அதனால ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ ஏலகிரியோ ஏற்காடோ போய்ட்டு வாங்க.

முட்டுக்காடு_காத்து
கொங்கு, வாரத்துல ஒரு நாள் கஷ்டமா ஓட்டறத நானும் வேணாம்னு சொல்லல. ஆனா கட்-ஆஃப் டைம் கணக்க பாருங்க, 600க்கு 40 மணி நேரம், அதாவது சாப்பாடு தூக்கம் பஞ்சர் எல்லாம் சேத்து மணிக்கு 15 கிலோமீட்டர். அதுல பாதில நிக்கறவங்க பெரும்பாலும் கால்ல பவர் இல்லாம நிக்கல, வயிறு ஒத்துக்காம, தூக்கம் தாங்காம, உக்கார முடியாம தான் நிக்கறாங்க. அதனால தம்பி, மாசத்துக்கு ஒரு தடவ நல்லா தூங்கின ராத்திரிக்கு அப்புறம், விடியறதுக்கு முன்னாடி ஈசிஆர்ல இருக்கற அக்கரைல இருந்து கிளம்பி நாலு மணி நேரம் ஓட்டுங்க, பிஆர்எம்ல எத சாப்பிடுவீங்களோ அத மட்டும் சாப்பிட்டு.

மாடிப்படி_மீனா
நான் பிசியோதெரபிஸ்ட், பிஆர்எம்மும் ஓட்டறேன். அந்த ரெண்டு விரல் மரத்து போறது அல்நார் நரம்பு அழுந்தறதால, ரொம்ப நேரம் உள்ளங்கைல எடைய போட்டு ஓட்டறவங்களுக்கு அடிக்கடி வரும். பேட் வச்ச க்ளவுஸ் மட்டும் வாங்கினா தீராது. சீட் முன்பக்கமா சாஞ்சிருக்கா, ஹேண்டில்பார் ரொம்ப கீழயோ தூரமாவோ இருக்கா பாருங்க, ஒரு நேரத்துல ஒன்ன மட்டும் கொஞ்சமா மாத்துங்க. ஓய்வுலயும் குறையலன்னா, இல்ல பட்டன் போட, சாவி திருப்ப கஷ்டமா இருந்தா, தள்ளி போடாம டாக்டர பாருங்க.

அடுத்தது முதுகும் வயிறும். அது பலமா இருந்தா தான் கைல எடை குறையும். வாரத்துல ரெண்டு நாள் ஸ்குவாட், டெட்லிஃப்ட், பிளாங்க், அரை மணி நேரம் போதும். இத செய்யறதுக்கு நல்ல நேரமே ஆஃப் சீசன் தான், தொடை வலிச்சாலும் ஞாயித்துக்கிழமை பிஆர்எம் கெடாது.

தூக்கத்துக்கு வர்றேன். பதினொன்னரைக்கு படுத்து நாலரைக்கு எந்திரிச்சா அஞ்சு மணி நேரம், அதுல ட்ரெய்னிங் ஒட்டாது. கால் இருக்கற மறுநாள் காலைல ஓட்டாதீங்க, அதுக்கு பதிலா கால் இருக்கற அன்னைக்கே சாயங்காலம் அது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாப்பது நிமிஷம் டிரெய்னர்ல உக்காருங்க. ராத்திரி கால்ல டீ குடிக்கறத விட்டுடுங்க, ஒன்பது மணி டீயோட காஃபின்ல பாதி ரெண்டு மணிக்கும் உள்ள இருக்கும்.

ஓஎம்ஆர்_பெடல்
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. சாயங்கால ஐடியா நல்லா இருக்கு, ஆபீஸ்ல இருந்து ஆறு மணிக்கு வந்துட்டு வீட்ல இருந்து தான் கால் எடுக்கறேன். ஆபீஸுக்கே சைக்கிள்ல போலாமான்னு யோசிச்சேன், மெட்ரோ வேலை நடக்கற ஓஎம்ஆர்ல மனசு வரல. நவம்பர்ல சீசன் ஆரம்பிச்சதும் இதே ஷெட்யூல் ஓடுமா?

மாடிப்படி_மீனா
ஓடாது, அத இப்பவே கணக்குல எடுத்துக்கோங்க. அமெரிக்கால மார்ச் ரெண்டாவது ஞாயிறுல இருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாடி ஓடுது. நவம்பர்ல அது திரும்பினதும் உங்க பத்தரை கால் பதினொன்னரை ஆயிடும், அப்போ தான் நமக்கு பிஆர்எம்மும் ஆரம்பிக்கும். அதனால கொங்கு சொன்ன கஷ்டமான செஷன் எல்லாம் ஆகஸ்ட்ல இருந்து அக்டோபருக்குள்ள முடிச்சுடுங்க. நவம்பருக்கு அப்புறம் வார நாள்ல எது குறைஞ்சாலும் குறையட்டும், தூக்கம் மட்டும் குறைய கூடாது. 400, 600 வர்ற வாரத்துல கால வேற யாராவது எடுக்க முடியுமான்னு மேனேஜர்கிட்ட இப்பவே பேசி வைங்க, தேதி வந்ததும் லீவும் போட்டுடுங்க.