‘உங்களுக்கு எந்த ஊர்?’ இந்தக் கேள்வி மனசில் தங்கிவிட்டவர்கள் சொல்லுங்கள்

விளக்குத்தூண்:
நாங்கள் வீட்டில் சௌராஷ்டிரா பேசுகிறவர்கள். அம்மா மதுரையில் திருமலை நாயக்கர் மஹால் பக்கம் பிறந்து வளர்ந்தவர், ஆனால் யார் கேட்டாலும் “எங்களுக்குப் பூர்வீகம் வடக்கே, சோமநாதர் பக்கம்” என்றுதான் ஆரம்பிப்பார். 2023-ல் குஜராத்தில் நடந்த சௌராஷ்டிர தமிழ்ச் சங்கமத்துக்கு மதுரையிலிருந்து ஸ்பெஷல் ரயில் விட்டார்களே, அதில் போக முடியவில்லை, அப்புறம் நானே அம்மாவைச் சோமநாதர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். கோயிலுக்கு வெளியே பூ விற்கிற பாட்டியிடம் அம்மா எங்கள் பாஷையிலேயே பேசினார், பாட்டி குஜராத்தியில் பதில் சொன்னார், பாதி புரிந்தது, மீதிக்குக் கைஜாடை. கடைசியில் பாட்டி எந்த ஊர் என்று கேட்க, அம்மா யோசிக்கவே இல்லை, “மதுரை” என்றார். பூர்வீகத்தைப் பற்றி ஒரு பேச்சு இல்லை! அந்த இடத்தில் வைத்து ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை ஓடிக்கொண்டே இருக்கிறது.

தல்லாகுளம்:
நாயக்கர் காலத்திலிருந்து இங்கே நெய்தவர்கள், சுங்குடிச் சேலையால் மதுரைக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள், வேறு எந்த ஊரைச் சொல்வார்? பூர்வீகம் தேடி அவ்வளவு தூரம் போகவே தேவையில்லை என்பேன். என் பையன் புனேயில் பிறந்தவன், தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரை மதுரைக்குள் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை அன்று புதூரில் கூட்டத்தோடு நின்றோம். கருப்பசாமி வேஷம் கட்டிய ஒரு பெரியவர் தோல்பையிலிருந்து பீய்ச்சிய தண்ணீர் அவன் முகத்தில் அடித்தது, அழப் போகிறான் என்று நினைத்தேன். பெரியவர் பையின் குழாயை அவன் கையில் கொடுத்து “நீ அடிடா பேராண்டி” என்றார். எந்த ஊர் என்றெல்லாம் கேட்கவில்லை. அவன் நனைந்துகொண்டே அடித்தான்.

ஒத்தக்கடை:
மலேசியாவிலிருந்து வந்த நாத்தனார் பிள்ளைகளை நானும் அழகர் பார்க்கக் கூட்டிப் போனேன், சின்னவள் கள்ளழகரைப் பார்த்ததும் கும்பிடக்கூடத் தோன்றாமல் வாய் பிளந்து நின்றாள். ஒன்று சொல்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் எதிர்சேவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், விடியற்காலை அழகர் வைகை ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஆழ்வார்புரம் பக்கம் போகாதீர்கள். 2022-ல் அந்த நெரிசலில் இரண்டு உயிர் போனது. பிள்ளை கையில் போன் நம்பரை எழுதிவிடுங்கள், நகை போடாதீர்கள், மோர்ப்பந்தல் எங்கும் இருக்கும் என்றாலும் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், செருப்பு தொலையும், பழசைப் போட்டுப் போங்கள். வயசானவர்களுக்கு வண்டியூர் பக்கம் கொஞ்சம் பரவாயில்லை, மாற்று டிரெஸ் கண்டிப்பாக வேண்டும்.

தெப்பக்குளம்:
தல்லாகுளம் அண்ணே, தேவையில்லை என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்? என் அப்பா ரங்கூனில் பிறந்தவர், 1964-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பம். இனி அந்த ஊரைப் பார்க்க மாட்டோம் என்றே இருந்தார். ஒரு கல்யாணத்துக்குக் காரைக்குடி போனபோது செட்டியார் வீட்டுத் தூணைக் காட்டி, இது பர்மாவிலிருந்து வந்த தேக்கு என்றார்கள். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு “நானும் அங்கயிருந்து வந்தவன்தான்” என்றார். பந்தி முடிகிற வரை அங்கிருந்து நகரவில்லை. போய்ப் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் போகட்டும் அண்ணே. விளக்குத்தூண், அம்மாவிடம் நேராகவே கேட்டுவிடுங்களேன்.

விளக்குத்தூண்:
நேற்று கேட்டேன். “அவங்க கேட்டது என் வீட்டைத்தானே” என்றார். அடுத்த தடவை சித்தியையும் கூட்டிப் போக வேண்டுமாம், அந்தப் பாட்டிக்கு ஒரு சுங்குடிச் சேலை எடுத்து வைத்திருக்கிறார்.